அக்கா எதையும் கும்பிடவில்லை

1

ஊரிலிருந்து போன் எடுக்கிறவர்கள் சுகம் விசாரித்து முடிந்ததும், இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்ததா என்று நான் கேட்டு முடிந்ததும், கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருவார்கள். "உங்கை வானத்திலை பச்சை வெளிச்சம் வருமாமே. ஒரு படம் எடுத்து அனுப்பன்." புதுக்குடியிருப்பில் ரியூசன் வகுப்பு நடத்துகிற என் பழைய கூட்டாளி, பிள்ளைகளுக்குப் பாடத்தில் காட்ட வேண்டும் என்கிறான். வவுனியாவில் கடை வைத்திருக்கிற மச்சான், கடைச் சுவரில் மாட்ட வேண்டும் என்கிறான்.

நான் அனுப்புவதில்லை. குளிர், கை விறைக்கும், என்னுடைய போனில் சரியாக விழாது என்று ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பிவிடுவேன். இனிமேல் சாட்டுச் சொல்லப் போவதில்லை. இனி ஒருவரும் என்னிடம் அந்தப் படம் கேட்கக்கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடலாம்.

நான் இருப்பது நோர்வேயின் வடக்கு முனையில் ஒரு சின்னப் பட்டினம். பேரைச் சொன்னாலும் உங்கள் வாயில் நுழையாது. மலைகளுக்கு நடுவே கடல் ஒரு நாக்கு மாதிரி உள்ளே நீண்டு கிடக்கும். அதன் கரையில் மீன் தொழிற்சாலை, அதற்குப் பின்னால் வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு நூலகம். மீன் தொழிற்சாலையில் வேலை செய்யத்தான் இளந்தாரியாக இங்கே வந்தேன். இன்றைக்கும் அதே தொழிற்சாலையில்தான் மீன் வெட்டுகிறேன்.

குளிர்காலத்தில் இங்கே சூரியன் எழும்புவதே இல்லை. மதியத்தில் தெற்குப் பக்கம் கொஞ்சம் வெளிக்கும், பிறகு மைம்மல் இருட்டுத் தொடங்கிவிடும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிற நேரத்திலேயே வானத்தில் துருவ ஒளி என்கிற அந்தக் கண்டறியாத வெளிச்சம் வந்துவிடும். அதைப் பார்க்க உலகமெல்லாம் இருந்து சனம் வருகிறது. பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி, கடற்கரையில் வரிசையாக ஸ்டாண்டுகளை ஊன்றி, வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். எங்களைப் போன்ற தொழிற்சாலைச் சனம் வேலை விட்டு வரும்போது, படத்துக்குள் விழுந்துவிடுவோம் என்று கையைக் காட்டி விலகிப் போகச் சொல்கிறார்கள்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வெளிச்சம் கண்ணுக்கு அவ்வளவு பச்சையாகத் தெரியாது. பெரும்பாலான நாட்களில் அது வெள்ளை. வெளிறிய ஒரு வெள்ளை, மலைக்குப் பின்னாலிருந்து எழும்பி, விரிந்து, தண்ணீருக்கு மேலே வந்து நிற்கும். கமராவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால்தான் பச்சை விழும். நீங்கள் பேஸ்புக்கில் பார்க்கிற பச்சை கமராவின் கண்ணுக்குத் தெரிகிற பச்சை. இதை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

போன மாதம் நூலகத்துக்குப் போனேன். கடவுச்சீட்டுப் புதுப்பிக்கிற பத்திரங்களை இந்த நாட்டில் கம்பியூட்டரில்தான் நிரப்ப வேண்டும். எங்கள் வீட்டுப் பிரிண்டர் மை முடிந்து கிடக்கிறது. உள்ளே போனதும் எதிர்ச் சுவரில், ஆள் உயரத்துக்கு, ஒரு படம். பச்சை வானம், அதே பச்சையில் கடல், கரையில் வெண்பனி. பனியின் நடுவே ஒரு பெண் குப்புறக் கிடக்கிறா. செம்மஞ்சள் நிறத்தில், குளிருக்குப் போடுகிற தொழிற்சாலை யக்கெற், அதற்குக் கீழே சேலைக் கரை.

யக்கெற் என்னுடையது. அதற்குள் கிடந்தது என் அக்கா.

படத்துக்குக் கீழே பலகை. நகரசபையின் குளிர்கால ஒளிப்படப் போட்டி, முதற்பரிசு. தலைப்பு: ஒளியை வணங்கும் பெண். அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: "கீழைத் தேசத்தின் தொன்மையான நம்பிக்கையில் வளர்ந்த பெண்ணொருவர், வடக்கின் ஒளியை முதன்முறை கண்டதும் தன்னை மறந்து மண்ணில் வீழ்கிறார். உலகின் ஓசைகளுக்குக் காதுகளை மூடிக்கொண்டு ஒளியோடு மட்டும் பேசுகிறார்." அதற்கும் கீழே படம் எடுத்தவரின் பெயர். என் மகள் துளசியின் பெயர்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பத்திரத்தையும் அச்செடுக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. வெளியே வந்து பனியில் நின்றேன்.

2

உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் பெண்கள் அப்படி விழுந்து கும்பிடுவதில்லை. கோயிலில் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறவர்கள் ஆண்கள். பெண்கள் முழங்காலிட்டு, குனிந்து, நெற்றியை நிலத்தில் வைப்பார்கள். எந்தக் கோயிலுக்கும் போய்ப் பாருங்கள், அதுதான் முறை. வயிறு நிலத்தில் பட நீட்டிக் கிடந்து கும்பிடுகிற ஒரு பெண்ணை எங்கள் ஊர் முரசுமோட்டையில் நான் கண்டதில்லை.

நான் நூலகத்தில் பார்த்த அக்கா முழங்கைகளை ஊன்றியிருந்தா. நெஞ்சு நிலத்தில் முட்டவில்லை. விரல்கள் காதுகளுக்குள் இருந்தன. முகம் பக்கவாட்டில் தெரிந்தது, வாய் திறந்திருந்தது. வன்னியில் கடைசிச் சண்டைக் காலத்தில் இருந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும், அது என்ன என்று சொல்லிவிடும். எனக்கு அதை நேரில் தெரியாது, நான் அதற்கு எவ்வளவோ முன்னமே இங்கே வந்துவிட்டேன். போனில் கேட்டும் வீடியோக்களில் பார்த்தும்தான் தெரியும். எனக்கே ஒரு பார்வையில் விளங்கியது.

அக்காவுக்குப் பெயர் புவனேஸ்வரி. எங்களுக்குப் புவனமக்கா. முரசுமோட்டையில் வயல் செய்துகொண்டு தனியாக இருக்கிறா. அத்தான் நோயில் முன்னமே போய்விட்டார். ஒரே மகள் சுகி. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அக்காவை ஒருமுறையாவது இங்கே கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று நான் விசாவுக்குப் போடத் தொடங்கி வருஷக் கணக்காகிறது. வயல் உறுதிப் பத்திரம், கிராம சேவகர் கடிதம், என் சம்பளச் சிட்டை, தொழிற்சாலைக் கடிதம், எல்லாம் கொடுத்தோம். மறுத்துவிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? தாய்நாட்டில் போதிய குடும்பப் பிணைப்பு இல்லையாம். புருஷனும் பிள்ளையும் இல்லாத மனுசி திரும்பிப் போக மாட்டாவாம். அந்தக் கடிதத்தை நான்தான் போனில் அக்காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அக்கா, "பிள்ளை இருந்திருந்தால் நான் ஏன் தம்பி அங்கை வரப்போறன்" என்றா. அப்போது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

மேன்முறையீடு செய்து, மறுபடியும் மறுத்து, மறுபடியும் போட்டு, ஒருவழியாகப் போன குளிர்காலத்தில் அக்கா வந்து இறங்கினா. சூரியனே இல்லாத மாதங்களுக்குத்தான் விசா கிடைத்தது. இந்த நாட்டுப் பெருந்தன்மைக்கு அதுவே போதுமானது.

இங்கே குளிர்காலத்தில் எல்லா வீட்டு ஜன்னலிலும் நட்சத்திரம் மாதிரி, மெழுகுதிரி மாதிரி, சின்ன லைற்றுகள் எரியும். திரைச்சீலையை ஒருவரும் இழுத்து மூடுவதில்லை. வந்து கொஞ்ச நாளில் அக்கா ஒரு பழக்கம் தொடங்கினா. மைம்மலானதும் ஒவ்வொரு ஜன்னலாகப் போய் லைற்றை நூர்த்து, சீலையை இழுத்து மூடுவா. கறண்ட் மிச்சம் பிடிக்கிறா என்று நானும் மனைவி மதியும் சிரித்தோம். மதி பகிடிக்கு, "மச்சாள், இங்கை கறண்ட் பில் உங்கடை தம்பிதான் கட்டுறார், எரியட்டும்" என்றாள். அக்காவும் சிரித்தா. ஆனால் லைற்றை நூர்ப்பதை நிறுத்தவில்லை. விசா முடிந்து, சொன்ன நாளில், சொன்ன விமானத்தில் திரும்பிப் போனா. பிணைப்பு இல்லை என்று எழுதியவர்களுக்கு யாரும் போய் இதைச் சொல்லவில்லை.

3

வீட்டுக்கு வந்தபோது துளசி குசினிக் கதிரையில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிப் படிப்பின் கடைசி வருஷம். தெற்கே ஒரு ஒளிப்படக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இந்தப் பரிசு கிடைத்தால் இடம் கிடைப்பது சுலபம் என்று அவளுடைய ஆசிரியை சொல்லியிருக்கிறா. பரிசு கிடைத்த விஷயத்தை வார இறுதியில் கேக் வெட்டி எங்களுக்குச் சொல்வதாக இருந்தாளாம். நான் அதற்குள் நூலகத்துக்குப் போய்விட்டேன்.

"மாமி அண்டைக்கு என்ன செய்தவா எண்டு உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"மாமி கும்பிட்டது."

துளசிக்கு மனிதரையும் அது இது என்றுதான் சொல்ல வரும். எத்தனையோ தரம் திருத்தியிருக்கிறேன். அன்றைக்குத் திருத்துகிற நிலையில் நான் இல்லை.

"கும்பிட்டனான் எண்டு மாமி சொன்னவாவோ?"

"சொல்லேல்லை. ஆனா மாமி எல்லாத்தையும் கும்பிடும் தானே அப்பா. விளக்கு, சாமிப்படம். சூரியன் இல்லாட்டியும் ஜன்னலைப் பாத்துக் கும்பிட்டது. இது சூரியனை விட வடிவு. அதாலை விழுந்து கும்பிட்டது."

பிறகு அவள் நடந்ததைச் சொன்னாள். அன்றைக்கு எனக்கு வேலை. பள்ளி விட்டு வந்தவள், மாமிக்கு வெளிச்சம் காட்டுகிறேன் என்று என் யக்கெற்றைப் போட்டுவிட்டுக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். ஸ்டாண்டை ஊன்றி, கமராவைப் பூட்டி, மாமிக்கு வகுப்பும் எடுத்திருக்கிறாள். இந்தப் படத்துக்குக் கமராவைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்க வேண்டும். அதுவரைக்கும் படத்தில் நிற்கிற ஆள் அசையக்கூடாது. அசைந்தால் புகை மாதிரி அழிந்துபோகும். மாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறா. கடலுக்குப் பக்கத்தில் போய் முதுகு காட்டி நிற்கச் சொன்னாளாம், அங்கேயும் போய் நின்றிருக்கிறா. மலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் எழும்பித் தண்ணீருக்கு மேல் விரிந்தபோது, மாமி திடீரென்று நிலத்தில் விழுந்திருக்கிறா.

"நான் பயந்து மாமியட்டை ஓடப் பாத்தது. பிறகு பாத்தா, மாமி வடிவாப் படுத்திருக்கு. வெளிச்சம் மங்கும், பிறகு திரும்ப வரும். மங்கும், வரும். மாமி எழும்பவேயில்லை. அசையவேயில்லை அப்பா. நான் சொன்னதை எவ்வளவு வடிவா ஞாபகம் வைச்சிருக்கு எண்டு நினைச்சன். நடுவர்மார் எல்லாரும் அதைத்தான் சொன்னவை. எல்லாப் படத்திலையும் ஆக்கள் கலங்கியிருக்கினம், இதிலை மட்டும் ஒரு நூல்கூடக் கலங்கேல்லை எண்டு."

"எழும்பின பிறகு மாமி என்ன சொன்னவா?"

"வழுக்கிப்போட்டுது எண்டு சொன்னது. வெக்கத்திலை சொல்லுது எண்டு நினைச்சன்."

நான் எழும்பினேன். குசினி வாசலில் மதி வழிமறித்தாள். "பிள்ளை முதற்பரிசு எடுத்திருக்கிறாள். ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் எங்கை போறியள்?" என்று கேட்டாள். எனக்கு வாயில் வந்ததை எழுத முடியாது. மதி வவுனியாவில் பிறந்து வளர்ந்தவள், அவளும் என்னைப்போல முன்னமே வெளிக்கிட்டவள். நகரசபையின் பேஸ்புக்கில் தேடி எடுத்து, போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். பார்த்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கி அக்காவின் கைகளைப் பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டாள்.

4

அக்காவுக்கு நான் போன் எடுக்கத் தேவையிருக்கவில்லை. அடுத்த நாள் அவவே எடுத்தா. என் முகம் திரையில் தெரிந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தா.

"தம்பி, என்ரை படம் ஒண்டு பேஸ்புக்கிலை வந்திருக்காம். முன்வீட்டுச் செல்வி கொண்டுவந்து காட்டினவள்."

செல்வியும் சண்டையின் கடைசிவரைக்கும் அக்காவோடு இடம்பெயர்ந்து போய் வந்தவள். அவள் படத்தைக் காட்டிவிட்டு, "அங்கையுமோ அக்கா?" என்று மட்டும் கேட்டாளாம். வேறு ஒன்றும் கேட்கவில்லையாம். பிறகு படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைச் செல்வியின் மகள் போனில் போட்டுத் தமிழாக்கி வாசித்திருக்கிறாள்.

"நான் ஆரையடா கும்பிட்டனான்?" என்று அக்கா கேட்டா. குரல் உயரவில்லை. அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். "துளசியைக் கூப்பிடு."

துளசி வந்து என் பக்கத்தில் இருந்தாள். அவளுக்குச் சுகியைத் தெரியாது. முரசுமோட்டை வீட்டில் சுவரில் இருக்கிற படத்தில், இரட்டைப் பின்னலோடு சிரிக்கிற ஒரு பிள்ளை, அவ்வளவுதான். சண்டையில் செத்துப்போன மச்சாள் என்று நாங்கள் சொல்லியிருந்தோம். அதற்கு மேல் சொல்லவில்லை. பிள்ளைகள் பயப்படும் என்று இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான், ஒரு வரியில் முடித்துவிடுவோம்.

"பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள்" என்று அக்கா தொடங்கினா. "புதுக்குடியிருப்பையும் தாண்டிப் போய், களப்புக் கரையிலை கிடந்தனாங்கள். பங்கர் வெட்டினால் தண்ணி ஊறும். அதாலை நிலத்திலைதான் படுக்கை. மைம்மலிலை ஆமிக்காரங்கள் பரா வெளிச்சம் போடுவாங்கள், பரசூட்டிலை கட்டின வெளிச்சம். வானத்திலை வெடிச்சு, வெள்ளையா விரிஞ்சு, தண்ணிக்கு மேலை தொங்கிக்கொண்டு நிக்கும். ஊசி விழுந்தாலும் எடுக்கலாம், அவ்வளவு வெளிச்சம். அது தொங்குமட்டும் அசையக் கூடாது. அசையிறது ஆளெண்டு தெரிஞ்சுபோகும், அந்த இடத்துக்குத்தான் அடி விழும். விளங்குதோ?"

"விளங்குது மாமி."

"ஒரு வெளிச்சம் நூர்ந்தது. முடிஞ்சுதெண்டு சுகி எழும்பினவள். தண்ணிப் போத்தல் கொஞ்சம் தள்ளிக் கிடந்தது, அதை எடுக்க. நான் படடி எண்டு கத்த முன்னம் அடுத்தது விரிஞ்சுபோச்சு. அவள் நிண்டுகொண்டிருந்தவள். அவ்வளவுதான். அவளுக்கு அப்ப உன்ரை வயசு."

துளசி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"என்ரை பிள்ளையைக் காட்டிக் குடுத்த வெளிச்சம் அது" என்றா அக்கா. "அந்த வெளிச்சத்தை நான் விழுந்து கும்பிட்டனான் எண்டு எழுதி வைச்சிருக்கிறாய். உலகமெல்லாம் பாக்கிற இடத்திலை எழுதி வைச்சிருக்கிறாய். வேறை என்னத்தை எழுதியிருந்தாலும் நான் பேசாமல் இருந்திருப்பன் பிள்ளை. விசரி எண்டு எழுதியிருக்கலாம். பயந்தாங்கொள்ளி எண்டு எழுதியிருக்கலாம்."

துளசி அழத் தொடங்கினாள். அழாதே என்று அக்கா சொல்லவில்லை.

"அண்டைக்கு நான் உன்னைப் படு படு எண்டு கத்தினனான். உனக்குக் கேக்கேல்லையோ?"

"கேட்டது மாமி. சேர்ந்து கும்பிடக் கூப்பிடுறீங்கள் எண்டு நினைச்சன். எனக்கு உந்தக் கும்பிடுறது விருப்பமில்லை. அதாலை நிண்டது."

 அங்கே முற்றத்தில் ஒரு நாய் குரைத்துக்கொண்டிருந்தது. அக்கா எழும்பிப் போய் அதை அதட்டிவிட்டு வந்து மறுபடி இருந்தா.

"எனக்குத் தெரியும் அது வேறை வெளிச்சம் எண்டு" என்றா. "போக முன்னமே தம்பி சொன்னவன், நீயும் சொன்னனீ. கீழை விழுந்த பிறகும் எனக்குத் தெரியும். ஆனால் நீ நிண்டாய். அதுதான் எழும்பேலாமல் போச்சு."

5

இனி நகரசபைக் கந்தோர்க் கதை.

துளசி அன்றைக்கே இருந்து நகரசபைக்கு எழுதினாள். தலைப்பை மாற்ற வேண்டும், கீழே உள்ள வசனத்தை எடுத்துவிட்டு இதைப் போட வேண்டும் என்று தன் கையால் புதிதாக எழுதிக் கொடுத்தாள். நோர்வே மொழியில் அவள் எழுதியதைத் தமிழில் தருகிறேன்: "இவர் என் மாமி. இவர் வணங்கவில்லை. இவருடைய மகள் இப்படியான ஒரு வெளிச்சத்தில் கொல்லப்பட்டாள். நான் நின்றுகொண்டிருந்ததால் இவர் எழும்பவில்லை."

நான்கு வசனங்கள். துளசியின் தலைப்பை வைத்துக்கொண்டு நகரசபையில் பட்டம் பெற்றவர்கள் எழுதிய அந்தத் தொன்மையான நம்பிக்கையை விட என் பிள்ளை எழுதிய இந்த நான்கும் எனக்குப் பெரிது.

கலாசாரப் பிரிவிலிருந்து பதில் வந்தது, நேரில் வந்து கதைக்கலாம் என்று. நானும் போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுசி. இங்கே எல்லாரும் நல்ல மனுசர்கள்தான், அதுதான் கஷ்டம். சத்தம் போடுகிறவனோடு சண்டை பிடிக்கலாம், தேத்தண்ணி ஊற்றித் தருகிறவளோடு எப்படிப் பிடிப்பது? எங்கள் துயரத்தை ஆழமாக மதிப்பதாகச் சொன்னா. கண்ணும் கலங்கினா. பிறகு சொன்னா, இந்த வருஷப் போட்டியின் கருப்பொருள் ஒளியின் மகிழ்ச்சி. படம் நாட்காட்டிக்கும் போகிறது, சுற்றுலாக்காரருக்கும் போகிறது. இந்தப் புதிய வசனம் அதற்குப் பொருந்தாது. ஒரு படத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கலாம் அல்லவா, இரண்டும் உண்மையாக இருக்க முடியாதா என்று கேட்டா.

எனக்குக் கோபம் வந்தால் நோர்வே மொழி கைவிட்டுவிடும். இத்தனை வருஷம் பேசியும், ஆத்திரத்தில் வினைச்சொல் ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன். "நீங்கள் மீன் வெட்டு" என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டேன். நீங்கள் மீன் வெட்டுகிறவனைப் பார்த்து மீனைக் கும்பிடுகிறான் என்று சொல்வீர்களா என்று கேட்க நினைத்திருந்தேன். அவ பொறுமையாகச் சிரித்துத் தலையாட்டினா. அந்தச் சிரிப்பை நான் சாகுமட்டும் மறக்க மாட்டேன்.

துளசி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் பிறந்த மொழியில், ஒரு பிழையும் இல்லாமல், ஆறுதலாகக் கேட்டாள். "இரண்டும் உண்மையில்லை. நான் அங்கே நின்றேன், அவர் அங்கே கிடந்தார், நீங்கள் அங்கே இருக்கவில்லை. வசனத்தை மாற்றுவீர்களா, மாட்டீர்களா?"

மாற்ற முடியாதாம். விரும்பினால் படத்தை விலக்கிக்கொள்ளலாமாம். விலக்கினால் பரிசும் போகும் என்பதை அவ மெதுவாக, வருத்தத்தோடு, எங்களுக்கு ஞாபகப்படுத்தினா. துளசி அந்த இடத்திலேயே விலக்கினாள். வெளியே வந்து காருக்குள் ஏறிய பிறகுதான், கல்லூரிக்கு அனுப்ப இனி எந்தப் படமும் இல்லை என்று சொன்னாள்.

அந்த வாரமே நூலகச் சுவரில் வேறு படம் தொங்கியது. ஒரு திமிங்கிலம் கடலுக்குள் இறங்குகிறது, வால் மட்டும் வெளியே தெரிகிறது, மேலே அதே பச்சை. அக்கா கும்பிட்டா என்றால் முதற்பரிசு. அக்கா பயந்தா என்றால் திமிங்கிலத்தின் வால். இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். இங்கே எங்களை அன்பாகத்தான் பார்க்கிறார்கள். எங்கள் சாம்பாறு, எங்கள் சேலை, எங்கள் சாமி எல்லாம் அவர்களுக்கு விருப்பம். நாங்கள் எதிலிருந்து தப்பி வந்தோம் என்பது மட்டும் நாட்காட்டியில் மாட்ட ஏலாத விஷயம்.

பேஸ்புக்கில் போன படத்தைத் திருப்பி எடுக்க முடியவில்லை. அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் வந்திருக்கலாம். வந்தால் கீழே உள்ளதை நம்பாதீர்கள்.

6

இதோடு முடித்திருப்பேன். போன சனிக்கிழமை நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

துளசி ஒரு கிழமையாக மாமியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கதைத்தாள். என்ன கதைக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை மதியம், தெற்குப் பக்கத்து வெளிப்பு மங்கத் தொடங்கியதும், "அப்பா, வாங்கோ, கடற்கரைக்குப் போவம்" என்றாள். கமராப் பையைத் தோளில் போட்டிருந்தாள்.

"இனி ஒரு படமும் வேண்டாம்" என்றேன்.

"இது போட்டிக்கு இல்லை. மாமிக்கு."

அக்கா கிடந்த அதே இடம். நல்ல காலம், அன்றைக்குச் சுற்றுலா பஸ் ஒன்றும் வரவில்லை. துளசி ஸ்டாண்டை ஊன்றி, கமராவைத் தானாக எடுக்கிற மாதிரிச் செய்து வைத்தாள். பிறகு கையுறைகளைக் கழற்றிவிட்டு, பனியில் போய்க் குப்புறப் படுத்தாள். முழங்கைகளை ஊன்றினாள். காதுக்குள் விரலை வைத்தாள். என்னைப் பார்த்து, "நீங்களும் படுங்கோ" என்றாள்.

நான் கொஞ்ச நேரம் மரம் மாதிரி நின்றேன். பிறகு அவளுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தேன். பனி யக்கெற்றுக்குள்ளால் ஏறியது. எனக்கு எப்படிப் படுப்பதென்று தெரியவில்லை, கோயிலில் விழுகிற மாதிரித்தான் விழுந்தேன்.

"அப்பிடி இல்லை அப்பா. நெஞ்சு நிலத்திலை முட்டக் கூடாது. பக்கத்திலை விழுந்தால் நிலம் அதிரும், நெஞ்சுக்குள்ளை வெடிச்சுப்போகும். முழங்கையை ஊன்றுங்கோ. வாயைத் திறவுங்கோ, இல்லாட்டிக் காது போயிடும்."

நோர்வேயில் பிறந்த பிள்ளை. முரசுமோட்டைக்கு இரண்டு விடுமுறைக்குப் போய், நுளம்பு கடித்து அழுதுகொண்டு திரும்பி வந்தவள். அவள் சொல்லித் தரத் தர நான் முழங்கையை ஊன்றினேன், வாயைத் திறந்தேன். மலைக்குப் பின்னாலிருந்து அது எழும்பியது. வெள்ளையாகத்தான் எழும்பியது. விரிந்து தண்ணீருக்கு மேலே வந்து நின்றது. எனக்குப் பயம் வரவில்லை, துக்கமும் வரவில்லை. அந்த வெளிச்சத்தின் மேல், அதைப் போட்டவர்கள் மேல், அதைப் பார்த்துக் கை தட்டுகிறவர்கள் மேல், எல்லார் மேலும் ஒரே ஆத்திரம்தான் வந்தது. தலையைத் தூக்கி அதை முறைத்துப் பார்த்தேன்.

"அசையாதைங்கோ" என்றாள் துளசி.

படத்தைக் கரையில் நின்றபடியே மாமிக்கு அனுப்பினாள். வெறும் படம், தலைப்பு ஒன்றும் போடவில்லை. கை விறைத்துப்போய் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது அக்காவின் குரல் செய்தி வந்தது. துளசி போனைச் சத்தமாக வைத்தாள்.

"பிள்ளை, நீ சரியாப் படுத்திருக்கிறாய். உனக்கு ஒண்டும் நடந்திராது."  மூச்சு மட்டும் கேட்டது. "உன்ரை அப்பர் தலையைத் தூக்கி வைச்சிருக்கிறார். அவர் செத்திருப்பார்."